மாலத்தீவுக்குக் கோச் வேலைக்குப் போகிறவர்களுக்கு

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை பக்கம் மணலில் பந்து உதைத்து வளர்ந்தவர்களில் நிறையப் பேர் இப்போது கோச்சிங் லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கிறார்கள். முப்பது வயது தாண்டி, முட்டி சொன்ன பேச்சு கேட்காமல் போன பிறகு, கடலுக்குப் போகவும் மனசு வராதவனுக்கு அது ஒன்றுதான் வழி. லைசென்ஸ் எடுத்த கொஞ்ச நாளில் யாராவது ஒருவர் மூலமாக மாலத்தீவிலிருந்து அழைப்பு வரும். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் மாலே. சென்னைக்கு ரயிலில் போகிற நேரத்தில் போய்விட்டுத் திரும்பியும் வந்துவிடலாம். அதனால் வெளிநாடு என்கிற பயமே வராது. நான் போனபோது கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஆள் இல்லை. பட்டதை எழுதி வைக்கிறேன், தேவைப்படுகிறவர்கள் படித்துக்கொள்ளட்டும். கிளப்பின் பெயரைக் கேட்காதீர்கள். கடைசியில் கையெழுத்தான சமரசத்தில் பெயர் சொல்லக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கிறது.

நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. எங்கள் கரையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் போல இந்திய ஜெர்சி போட்டவர்கள் உண்டு. நான் அந்த வரிசையில் வருகிறவன் அல்ல. சென்னை சீனியர் டிவிஷனில் ஒரு ஆபீஸ் டீமுக்கு ஆடினேன். 'அடுத்த வருஷம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை போட்டுக் கொடுக்கிறோம்' என்று சொல்லிச் சொல்லியே என் நல்ல வயதைக் கழித்தார்கள். கொல்கத்தாவில் கீழ் டிவிஷனில் ஒரு சீசன், கோவாவில் பாதி சீசன். மீதியெல்லாம் மலப்புறத்தில் செவன்ஸ். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அரீக்கோடு, மஞ்சேரி, வண்டூர் பக்கமெல்லாம் மழைக்காலம் முடிந்ததும் தற்காலிக கேலரி கட்டி, டிக்கெட் போட்டு, ஏழு ஏழு பேராக ஆடுகிற ஆட்டம் அது. இந்திய கால்பந்து சம்மேளனம் அதை அங்கீகரிப்பதில்லை. ஆனால் லைபீரியா, நைஜீரியா, ஐவரி கோஸ்ட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்து ஆடுவார்கள். ஒரு மேட்சுக்கு இவ்வளவு என்று பேச்சு, ஆட்டம் முடிந்த ராத்திரியே கையில் காசு. எங்கள் டீமில் தடுப்பாட்டம் ஆடிய லைபீரியாக்காரர் ஒருவர் காசு கைக்கு வராமல் பூட்ஸ் கயிறைக் கட்டவே மாட்டார். கேலரி நிறைந்து ஜனம் கூச்சல் போடும், மேனேஜர் ஓடி வருவார், இவர் பெஞ்சில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பார். பணம் வந்துவிடும்.

அந்தத் தொழிலில் பேச்சு மட்டும் போதும். காகிதமே கிடையாது, ஆனாலும் யாரும் பெரிதாக ஏமாற்ற முடியாது. காரணம், ஆட்டக்காரன் இறங்காவிட்டால் அன்றைக்கு ஆட்டம் இல்லை. கோச்சுக்கு அந்தப் பிடி கிடையாது. கோச் வரவில்லை என்றால் மேட்ச் நிற்காது. இந்த வித்தியாசம் மாலேயில் போய்த்தான் எனக்கு உறைத்தது. ஊர் ஊராக மேட்ச் ஆடிப் பழகிய எல்லோருக்குமே இதே குணம்தான் இருக்கும்: பேசியதை நம்புவது, கணக்கை மனசில் வைத்துக்கொள்வது. ஆட்டக்காரனாக இருக்கும்வரை அதில் தப்பில்லை. அதே குணத்தோடு கோச்சாக வெளிநாடு போகாதீர்கள்.

முட்டி போனபிறகு இந்திய சம்மேளனத்தின் (ஏ.ஐ.எஃப்.எஃப்.) டி லைசென்ஸ், அப்புறம் ஆசிய சம்மேளனத்தின் (ஏ.எஃப்.சி.) சி, பி என்று வரிசையாக எடுத்தேன். பி எடுக்கும்போது கட்டணம், தங்கல், சாப்பாடு, போக்குவரத்து என்று எல்லாம் சேர்ந்து எண்பதாயிரத்துக்குப் பக்கம் வந்துவிட்டது. மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். பி கையில் இருந்தால் எங்கேயும் தலைமை கோச் ஆகலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மேல்தட்டு லீக்குகளில் தலைமை கோச்சாக உட்கார அதற்கும் மேலே உள்ள ஏ அல்லது ப்ரோ கேட்பார்கள். நம் ஐ.எஸ்.எல்.லிலும் ப்ரோதான். பி வைத்திருப்பவனை அழைக்கிற கிளப், ஏ வைத்திருக்கிற உள்ளூர்க்காரர் ஒருவரைத் தாளில் தலைமை கோச்சாகக் காட்டும். அவர் மேட்ச் அன்றைக்கு மட்டும் வந்து பெஞ்சில் உட்காருவார். எனக்கும் அதுதான் நடந்தது. ஒப்பந்தத்தில் நான் தலைமை கோச், டீம் ஷீட்டில் நான் உதவி கோச்.

ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் கதையைச் சொல்லித்தான் எங்களுக்கெல்லாம் ஆசை காட்டுவார்கள். லண்டனில் பிறந்தவர், ஆட்டக்காரராகப் பெரிய பெயர் இல்லை, அமெரிக்காவில் சின்ன டீம்களில் ஆடி முட்டிக் காயத்தோடு முடித்துக்கொண்டவர். நேபாளம், இந்தியா, மலாவி, சூடான், ருவாண்டா என்று நாடு நாடாகத் தேசிய அணிகளைப் பார்த்துக்கொண்டார். 2015இல் உலகத் தரவரிசையில் 173 வரைக்கும் இறங்கிய இந்தியா, அவர் கையில் 2017 ஜூலையில் 96க்கு வந்தது. எல்லாம் உண்மை. ஆனால் அவர் வேலை பார்த்ததில் பெரும்பகுதி தேசிய சம்மேளனங்களிடம். அங்கே சம்பளத்துக்குப் பின்னால் ஒரு அமைப்பு இருக்கிறது. நமக்கு வருகிற அழைப்பு ஒரு தனி மனிதரின் பாக்கெட்டை நம்பி நடக்கிற கிளப்பிலிருந்து. அவர் தொழில் நன்றாகப் போகும்வரை சம்பளம் வரும்.

எனக்கு அழைப்பு வந்தது ஒரு ஏஜென்ட் மூலமாக. வாட்ஸ்அப் காலில் கிளப் தலைவர் முகத்தைக் காட்டினார், பத்து நிமிடம் பேசினோம். மாதம் 1,200 டாலர், பத்து மாதம், தங்க அறை, டிக்கெட். இரண்டு பக்கத்தில் ஒரு ஒப்பந்தம் பி.டி.எஃப். ஆக வந்தது. ஏஜென்ட் ஐம்பதாயிரம் ரூபாயை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். ஃபிஃபா லைசென்ஸ் உள்ள ஏஜென்ட்களின் பட்டியல் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கிறது, பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். இவர் பெயர் அதில் இல்லை என்று ஊர் திரும்பியபிறகு பார்த்தேன். முதல் சம்பளம் வருவதற்கு முன்னால் காசு கேட்கிற ஏஜென்ட்டிடம் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

விசா விஷயம் இன்னும் ஆபத்து. இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் மாலத்தீவில் விசா வாங்காமலேயே 90 நாள் வரை சுற்றுலாவாகத் தங்கலாம். இந்தச் சலுகைதான் நமக்கு வினை. 'சும்மா டூரிஸ்ட் என்று சொல்லி வாருங்கள், பெர்மிட் இங்கே வந்தபிறகு எடுத்துக்கொள்ளலாம்' என்பார்கள். அப்படி இறங்கி மைதானத்தில் விசில் ஊதினால் நீங்கள் அனுமதியில்லாமல் வேலை செய்கிறவர். பிடித்தால் திருப்பி அனுப்புவார்கள், கிளப்பை எதிர்த்து வாய் திறக்கவும் பயம் இருக்கும். அந்தப் பயம் கிளப்புக்கு வசதி. வேலை அனுமதிக் கடிதம் கைக்கு வந்தபிறகே டிக்கெட் என்று கறாராகச் சொல்லுங்கள். வளைகுடாவுக்குப் போகிறவர்களில் பத்தாவது முடிக்காதவர்களுக்காவது நம் அரசாங்கத்தின் குடியேற்ற அனுமதி என்று ஒரு தடுப்பு இருக்கிறது, யாரோ ஒரு அதிகாரி ஒப்பந்தத்தைக் கண்ணால் பார்ப்பார். மாலத்தீவு அந்த நாடுகளின் பட்டியலில் இல்லை. உங்கள் ஒப்பந்தத்தை உங்களைத் தவிர வேறு யாரும் படிக்கப்போவதில்லை.

போன புதிதில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். மாலே என்பது நடந்தே சுற்றிவிடக்கூடிய ஊர். இடமில்லாமல் கட்டடங்கள் மேலே மேலே போகும், சந்துக்குள் மோட்டார் சைக்கிள்கள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நிற்கும். எனக்குக் கொடுத்த அறை ஐந்தாவது மாடியில், பங்களாதேஷ்காரர்கள் இரண்டு பேரோடு. ஒப்பந்தத்தில் 'தங்குமிடம்' என்றுதான் இருந்தது, 'தனி அறை' என்று இல்லை. சாயங்காலம் டீக்கடையில் ஹெதிகா என்று சூரை மீன் வைத்த பலகாரங்கள் தட்டு நிறைய வரும். கடற்கரைக்காரனுக்குச் சூரை என்றால் சந்தோஷம்தான், ஆனால் தினமும் மூன்று வேளையும் சூரை என்றால் நாக்கு செத்துவிடும். இந்தியாக்காரன் என்று தெரிந்ததும் கடையில் இருக்கிற பெரியவர்கள் தெற்காசிய நாடுகள் ஆடுகிற சாஃப் கோப்பையின் 2008 இறுதியாட்டத்தையும் 2018 இறுதியாட்டத்தையும் ஞாபகப்படுத்தாமல் விடமாட்டார்கள். இரண்டிலும் இந்தியாவைத்தான் ஜெயித்தார்கள். அதற்கும் மேலே போய் 2004இல் தென்கொரியாவை மாலேயில் கோல் இல்லாமல் நிறுத்தியதைச் சொல்வார்கள். 2002 உலகக் கோப்பையில் அரையிறுதி ஆடிய கொரியா அது. இத்தனை சின்ன நாட்டில் பந்து மேல் இத்தனை பைத்தியமா என்று எனக்கு அந்த ஊர் பிடித்துப்போனது.

ஆட்டக்காரர்களும் கெட்டிக்காரர்கள். சின்ன இடத்தில் பந்தை வாங்கித் திரும்புவதில் நம் பையன்களைவிட ஒரு படி மேல். சின்ன மைதானத்தில் ஐந்து ஐந்து பேராக ஆடுகிற ஃபுட்சால் ஆடியே வளர்கிறார்கள். ஆனால் முழு மைதானத்தில் எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு ஓட்டம் நின்றுவிடும். அதைச் சரிசெய்யலாம் என்று திட்டம் போட்டுக்கொண்டு போனேன். ஒருவர் கஸ்டம்ஸில் வேலை, ஒருவர் விமான நிலையத்தில் ஷிஃப்ட், இன்னொருவர் பள்ளிக்கூட வாத்தியார். மைதானத்தையோ பல டீம்கள் பங்குபோட்டு ஆடவேண்டும். எங்களுக்குக் கிடைக்கிற நேரம் ராத்திரி. ரமலானில் தொழுகை முடிந்து பத்து மணிக்கு மேல். செயற்கைப் புல்லில் நின்று நின்று என் முட்டி ஒவ்வொரு நாளும் வீங்கும். பதினெட்டுப் பேர் அணியில் பயிற்சிக்கு ஒன்பது பேர் வந்தால் அன்றைக்கு நல்ல நாள். ஒன்பது பேரை வைத்துக்கொண்டு, எதிரணியை மொத்தமாக நெருக்கிப் பந்தைப் பிடுங்குகிற பிரஸ்ஸிங்கை எப்படிச் சொல்லித்தருவது? நான் செவன்ஸ் பயிற்சியையே அங்கே கொண்டுபோய் விட்டேன், நாலுக்கு நாலு, சின்னக் கட்டம், இடைவிடாத ஓட்டம். அதில் பலன் தெரிந்தது. இந்த மாதிரி டீமுக்குப் போகிறவர்கள் முழு அணிக்கான திட்டத்தோடு போகாமல், எட்டுப் பேருக்கு, ஆறு பேருக்கு என்று தனித்தனியாகப் பயிற்சி எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

தலையீடு மூன்றாவது மேட்சில் ஆரம்பித்தது. அங்கே எல்லாமே வாட்ஸ்அப் மாதிரியான வைபர் குரூப்பில்தான் நடக்கும். நான் அறையில் காந்தப் பொத்தான் வைத்த பலகையில் ஆட்களை நகர்த்திக்கொண்டிருந்தேன், மத்தியானம் இரண்டு மணிக்கு போன் அடித்தது. தலைவருடைய மருமகன் பதினொரு பேர் பெயரைக் குரூப்பில் போட்டிருந்தார். கீழே ஆட்டக்காரர்கள் எல்லோரும் கட்டைவிரல் போட்டுவிட்டார்கள். நான் பலகையைப் பார்த்தேன், போனைப் பார்த்தேன். இரண்டிலும் ஏழு பேர் ஒத்துப்போனது. அன்றைக்கு அந்த ஏழு பேரோடு மீதி நாலு பேரையும் ஏற்றுக்கொண்டு இறக்கினேன். ஜெயித்தோம். ஜெயித்ததுதான் பெரிய கெடுதல், அதற்குப் பிறகு ஒவ்வொரு மேட்சுக்கும் பட்டியல் வர ஆரம்பித்தது. அணியைத் தேர்வு செய்கிற அதிகாரம் யாருக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும். அந்த வரி இருந்தாலும் பட்டியல் வரும்தான். ஆனால் தோற்றபிறகு 'உன் தேர்வால் தோற்றோம்' என்று விரட்டும்போது அந்த வரியும் வைபர் செய்தியும் சேர்ந்து உங்கள் பக்கம் நிற்கும்.

இனி சம்பளம். முதல் மாதம் முழுதாக வந்தது, ஆனால் டாலராக இல்லை. மாலத்தீவுப் பணமான ருஃபியாவாக, ஒரு கவரில், கையில். டாலருக்கு 15.42 என்கிற அதிகாரபூர்வ விலையில் கணக்குப் போட்டு 18,504 ருஃபியா. அந்த விலையில் வெளியே டாலர் கிடைக்காது, அந்த ஊரில் டாலருக்கு எப்போதும் பஞ்சம். தெருவில் பதினேழரைக்குத்தான் மாற்ற முடிந்தது. 1,200 டாலர் என் கையில் 1,057 ஆனது. பெர்மிட் கார்டு இல்லாததால் பேங்க் கணக்கும் திறக்க முடியவில்லை. ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துத்தான் வீட்டுக்கு அனுப்பினேன். இதில் இன்னொரு கேடு, கவரில் வாங்கிய சம்பளத்துக்குச் சாட்சியே கிடையாது. அவர்கள் கொடுக்காததைக் கொடுத்தோம் என்றும் சொல்லலாம். சம்பளம் டாலரில், இந்தியாவிலுள்ள உங்கள் பேங்க் கணக்குக்கு நேராக, எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்குங்கள். கையில் வாங்க வேண்டி வந்தால், வாங்கிய அன்றே எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று கிளப்புக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, தேதி போட்ட எழுத்து ஒன்று இருக்கும்.

இரண்டாம் மாதம் பாதி வந்தது. மூன்றாம் மாதம் 'பெருநாள் கழியட்டும் கோச்' என்றார்கள். பெருநாள் கழிந்தது. ஆட்டக்காரர்களுக்கும் பாக்கிதான், ஆனால் அவர்களுக்கு வேறு வேலை இருந்தது, பயிற்சிக்கு வராமல் இருந்து காட்டினார்கள். நான் வராமல் இருந்தால்? யாருக்கும் தெரிந்திருக்கக்கூட மாட்டாது. ராத்திரி காலி மைதானத்தில் கூம்பு அடுக்கி வைத்துவிட்டு நாலு பேருக்காகக் காத்திருப்பேன். வீட்டில் மனைவி, 'அங்கே சாப்பாடாவது கிடைக்கா?' என்று கேட்பாள். கிடைக்கிறது என்பேன். அடகுக் கடை வட்டி பற்றி அவளும் சொல்லமாட்டாள், நானும் கேட்கமாட்டேன். அந்த மாதங்களில் எனக்கு வந்த கோபமெல்லாம் கிளப் மேல் இல்லை, வேலை தருகிறேன் என்று இழுத்தடித்த அந்தப் பழைய ஆபீஸ் மேல்தான் வந்தது. ஏன் என்று இப்போதும் தெரியவில்லை.

இந்தக் கட்டத்தில் இருக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. கோச்களுக்கென்று ஃபிஃபாவின் விதிகளில் 2021 முதல் தனி இணைப்பே இருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் உரிய தேதியில் வரவில்லை என்றால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து குறைந்தது 15 நாள் அவகாசம் தரவேண்டும். அதற்குள்ளும் கட்டாவிட்டால் நியாயமான காரணத்தோடு நீங்களே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம், மீதி மாதங்களுக்கான இழப்பீடும் கேட்கலாம். நோட்டீஸ் கொடுக்காமல் வெறுத்துப்போய் விமானம் ஏறினால் கதை தலைகீழாகிவிடும், வேலையை விட்டு ஓடினவர் நீங்கள் என்பார்கள். நோட்டீஸுக்கு வக்கீல் வேண்டியதில்லை. எந்த மாதம், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று நாலு வரி எழுதி, கிளப்பின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கு அனுப்பினால் போதும். வைபரில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

எனக்கு இது தெரிவதற்குள் நாலாவது மாதக் கடைசியில் ஒரு தோல்விக்குப் பிறகு, அதே வைபரில், நன்றி கோச் என்று ஒரு செய்தி வந்தது. குரூப்பிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். மறுநாள் கிளப் ஆபீஸில் ஒரு தாள் நீட்டினார்கள். சேரவேண்டிய தொகை எல்லாம் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஆங்கிலத்தில் மூன்று வரி. கையெழுத்துப் போட்டால் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும். பெர்மிட் எடுக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்தார்கள். தாளைப் பார்த்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று வந்துவிட்டேன். இந்திரா காந்தி மருத்துவமனையில் நர்ஸாக இருந்த மார்த்தாண்டத்து அக்கா ஒருவர், ஞாயிறு ஜெபத்தில் பழக்கம், விஷயத்தைக் கேட்டதும் சத்தம் போட்டார்: 'மக்களே, நீ அதுல கையெழுத்துப் போட்டா ஒனக்கு ஒண்ணுமே கிட்டாது. பாஸ்போர்ட்டு அவனுக்க சொத்தா? ஹை கமிஷன்ல போயி எழுதிக்குடு.' நம் நாட்டுத் தூதரகமான அந்த ஹை கமிஷனில் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்து கிளப்புக்கு ஒரு போன் போனது, சாயங்காலமே பாஸ்போர்ட் வந்துவிட்டது. டிக்கெட் காசு அந்த அக்கா கொடுத்தது. பாஸ்போர்ட்டை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள், பெர்மிட் வேலைக்காகக் கொடுத்தாலும் கொடுத்த தேதியை எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

ஊருக்கு வந்தபிறகு கொஞ்ச நாள் வெளியே தலைகாட்டவில்லை. கேட்கிறவர்களிடம் சீசன் முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கூட லைசென்ஸ் எடுத்த கேரளத்து நண்பர் ஒருவர்தான் ஃபிஃபாவில் மனு போடச் சொன்னார். கோச் ஒரு நாட்டுக்காரர், கிளப் வேறு நாடு என்றால் வழக்கு ஃபிஃபாவின் கால்பந்துத் தீர்ப்பாயத்துக்குப் போகும். கோச்சோ ஆட்டக்காரரோ ஒரு தரப்பாக இருந்தால் கட்டணம் எதுவும் கிடையாது. எல்லாம் இணையத்தில் அவர்களுடைய சட்டத் தளம் வழியாகவே போடலாம். சம்பவம் நடந்து இரண்டு வருடம் தாண்டினால் எடுத்துக்கொள்ளமாட்டார்கள், அதனால் ஆறப்போடக் கூடாது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் அல்லாத மொழியில் இருக்கிற தாள்களை மொழிபெயர்த்துச் சேர்க்க வேண்டும். எனக்கு மாலத்தீவு மொழியான திவேஹியில் வந்த இரண்டு செய்திகளை மொழிபெயர்க்க ஆள் தேடி அலைந்ததில்தான் அதிக நேரம் போனது.

என் கணக்கு இப்படி: பாக்கி 3,000 டாலர். காரணமில்லாமல் நீக்கியதற்காக மீதி ஆறு மாதம் 7,200. ஆக 10,200 கேட்டேன். இடைப்பட்ட காலத்தில் வேறு வேலை கிடைத்து சம்பளம் வாங்கியிருந்தால் அதைக் கழிப்பார்கள், எனக்கு அப்படி எதுவும் இல்லை. கிளப் பதிலில் இரண்டு விஷயம் சொன்னது. ஒன்று, இவருக்கு வேலை அனுமதியே இல்லை, அதனால் ஒப்பந்தம் செல்லாது. இரண்டு, இவர் தலைமை கோச்சே இல்லை, டீம் ஷீட்டைப் பாருங்கள். முதலாவது நிற்காது. வேலை அனுமதி கிடைப்பதையோ, குறிப்பிட்ட லைசென்ஸ் இருப்பதையோ காரணம் காட்டி கோச்சின் ஒப்பந்தத்தைச் செல்லாததாக்க முடியாது என்று அதே விதிகளில் இருக்கிறது. இரண்டாவதற்கு எனக்கு உதவியது அவர்களுடைய ஃபேஸ்புக் பக்கம். நான் வந்து இறங்கிய அன்று என் கழுத்தில் மாலை போட்டு 'எங்கள் புதிய தலைமைப் பயிற்சியாளர்' என்று படம் போட்டிருந்தார்கள். நீக்கிய பிறகு அதை அழித்துவிட்டார்கள். நல்ல காலம், என் மச்சான் அன்றைக்கே பெருமைக்காக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தான். நீங்கள் பெருமைக்காக இல்லாவிட்டாலும் எடுத்து வையுங்கள். டீம் ஷீட், பயிற்சி அட்டவணை, பேட்டி, குரூப்பில் நீங்கள் போட்ட திட்டம் எல்லாவற்றையும் வாராவாரம் வேறு ஒரு மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். குரூப்பிலிருந்து தூக்கியபிறகு தேடிக்கொண்டிருக்க முடியாது.

தீர்ப்பு வந்து, உங்கள் பேங்க் விவரத்தைக் கிளப்புக்குக் கொடுத்தபிறகு 45 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால், புது ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய அந்தக் கிளப்புக்குத் தடை வரும், மூன்று பதிவுக் காலம் வரைக்கும். கிளப் பயப்படுவது இதற்குத்தான். தீர்ப்புக்குக் கொஞ்சம் முன்னால், அடுத்த சீசனுக்கு வெளிநாட்டு ஆட்டக்காரர்களை எடுக்கிற நேரம் வந்ததும், அவர்களே பேச வந்தார்கள். 4,500 டாலருக்கு முடித்துக்கொண்டேன், இரண்டு தவணை, பேங்க் வழியாக. பொறுத்திருந்தால் இன்னும் கிடைத்திருக்கும் என்று நண்பர் திட்டினார். அடகு வட்டி ஏறிக்கொண்டிருந்தது, எனக்குப் பொறுமை இல்லை. முதல் தவணை முழுதாக வந்து சேராமல் மனுவை வாபஸ் வாங்கவில்லை. அது மட்டும் அந்த லைபீரியாக்காரரிடம் படித்த பாடம்.

வளையலை மீட்டு, அக்காவின் டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்தேன். ஏஜென்ட்டிடம் கொடுத்த ஐம்பதாயிரம் போனது போனதுதான். இப்போது மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஏ லைசென்ஸுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். வெளிநாடு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், அழைப்பு வந்தால் நானே போவேன். மாலேயில் அந்த நாலு மாதத்தில் கற்றுக்கொண்ட கோச்சிங் இங்கே நாலு வருஷம் இருந்தாலும் கிடைத்திருக்காது.

போன மாதம் சின்னத்துறையிலிருந்து ஒரு தம்பிக்கு அங்கேயிருந்து அழைப்பு வந்து, ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பினான். மூன்று பக்கம். சம்பளம் எந்தக் கணக்குக்கு, எந்தத் தேதிக்குள் என்பது இல்லை. தகராறு வந்தால் கிளப் நிர்வாகக் குழு முடிவே இறுதி என்று ஒரு வரி இருந்தது. 'அண்ணே, இதெல்லாம் கேட்டா வேண்டாம்னு சொல்லிருவாங்களோ?' என்று தயங்கினான். கேட்டுப் பார் என்றேன். தேதியும் பேங்க் கணக்கும் போட ஒத்துக்கொண்டார்கள். நிர்வாகக் குழு வரியை எடுக்கச் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை, அதனால் அவனும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.